பாலைப்பழத்தின் முதல் எடை

நைனா,

நீ கொடுத்துவிட்டுப் போன ஆராய்ச்சித் தாள்கட்டை நேற்றுதான் படித்து முடித்தேன். எழுத்துப் பிழை மட்டும் பார்த்தால் போதும் என்று சொல்லியிருந்தாய். உன் இங்கிலீஷில் பிழை பிடிக்கும் அளவுக்கு நான் படித்தவள் இல்லை. ஆனால் எண்களை விடவில்லை. ஒவ்வொரு அட்டவணையையும் கால்குலேட்டரை வைத்துக்கொண்டு கூட்டிப் பார்த்தேன், சராசரி சரியா என்று பார்த்தேன். இருபத்தாறு வருடமாகக் கும்மிடிப்பூண்டியில் பெயிண்ட்டுக்குப் பிசின் காய்ச்சும் கம்பெனியின் சோதனைக்கூடத்தில் அதைத்தானே செய்கிறேன். களாக்காயின் புளிப்புக் கணக்கில் ஒரு இடத்தில் புள்ளி தள்ளிப் போயிருக்கிறது, பென்சிலால் வட்டம் போட்டிருக்கிறேன். சூரைப்பழத்தின் நீளமும் அகலமும் தலைகீழாக மாறியிருக்கின்றன. மற்றதெல்லாம் சரி. ஒன்றைத் தவிர. அதைப் பென்சிலால் வட்டம் போட்டுவிட்டுப் போக முடியாது என்பதால் இந்தக் கடிதம். திங்கட்கிழமை நீ இதை பைண்டிங்குக்குக் கொடுக்கப் போகிறாய். அடுத்த மாதம் மைசூர் வேலைக்குப் போகிறாய். அதற்கு முன் இதை நீ படித்தாக வேண்டும்.

முன்னுரையில் என்னைப் பற்றி எழுதியிருப்பதைப் படித்தேன். மூன்றாவது படிக்கும்போது நான் கம்பெனியிலிருந்து கொண்டுவந்த அமிலக் காகிதத்தைக் களாக்காய்ச் சாற்றில் தோய்த்துக் காட்டியதாகவும், அது சிவந்ததைப் பார்த்துத்தான் உனக்கு இந்தப் படிப்பில் ஆசை வந்ததாகவும் எழுதியிருக்கிறாய். நல்லாத்தான் இருக்கிறது. ஆனால் நடந்தது அப்படி இல்லை. நான் காட்டவில்லை. என் கைப்பையில் இருந்ததை நீயே திருடி எடுத்து, நாக்கில் ஒட்டிப் பார்த்து, வாயெல்லாம் எரிகிறது என்று ஊரைக் கூட்டினாய். நான் உன் முதுகில் ஒன்று வைத்தேன். உன் அப்பாதான் உன்னை மடியில் உட்காரவைத்துக்கொண்டு, "புளிப்பா கீதா இல்லியான்னு நாக்கு சொல்லாததயா இந்தக் காயிதம் சொல்லப் போவுது? இன்னாமே உன் கம்பெனில இதுக்கா சம்பளம் குடுக்குறான்?" என்று கேட்டார். பிறகு அவரே நாலு களாக்காயை நசுக்கி, ஒவ்வொன்றாகக் காகிதத்தில் தடவி, எது அதிகம் சிவக்கிறது என்று உன்னிடம் பந்தயம் கட்டினார். உன்னை இதில் இழுத்துவிட்டது அவர். நான் அடித்தவள் மட்டும்தான். முன்னுரையை மாற்று என்று சொல்லவில்லை. தெரிந்துகொள்.

அவர் பழவேற்காட்டுப் பக்கம் மீன் பிடிக்கிற குடும்பத்தில் பிறந்து, அத்திப்பட்டு அனல் மின் நிலையத்தில் நிலக்கரி பெல்ட்டுக்குக் காவலாக நின்றே ஆயுளைக் கழித்தவர். பழத்தைப் பற்றி அவருக்கு என்ன தெரியும் என்று நான் நினைத்திருந்தேன். நீ ஆராய்ச்சிக்குக் காட்டுப் பழங்களை எடுத்துக்கொண்டதும் மனிதர் மாறிப் போனார். ஞாயிற்றுக்கிழமையானால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். எந்தக் கோயில் தோப்பில் பாலை மரம் நிற்கிறது, எந்த ஏரிக்கரையில் ஈச்சை காய்த்திருக்கிறது, ஊத்துக்கோட்டை ஷேர் ஆட்டோக்காரர்கள் எந்த மேட்டில் சூரைப்பழம் தின்னப் புதருக்குள் நுழைகிறார்கள் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. நீ சொன்னபடி பழத்தைக் காம்போடு பறித்து, எந்த மரம், எந்தத் தேதி என்று எழுதிய சீட்டை உறைக்குள் போட்டுக் கொண்டுவருவார். வழியில் பாதியைத் தின்றுவிட்டு வந்து, "சாம்பிள் பார்த்தேன்மே" என்பார். நாலு பாலைப்பழம் தின்றால் உதடு ஒட்டிக்கொள்ளும் என்று தெரிந்தும் தின்பார். ஒட்டின வாயோடு பேச்சு வேறு.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உன் ஐந்தாவது அத்தியாயம் முழுக்கப் பாலைப்பழம். பழவேற்காட்டு ஏரியோரம் உப்பு மண்ணில் நிற்கும் மரத்தின் பழமும், ஊத்துக்கோட்டைப் பக்கம் உள்ளே தள்ளி நிற்கும் மரத்தின் பழமும் எவ்வளவு வேகமாகக் காய்ந்து ஈரம் இழக்கின்றன என்பதைப் பற்றியது. உங்கள் கல்லூரி ஓவன் சூடு நிலையாக நிற்காமல் வம்பு பண்ணியதால், எங்கள் கூடத்தில் கண்ணாடிச் சாமான் காயவைக்கிற பழைய ஓவனில் காயவைத்துக் கொடுக்கிறேன் என்று நான்தான் முன்வந்தேன். மேனேஜரும் சரி என்றார். பழத்தைத் தட்டில் வைத்து ஓவனில் விடுவது, நாலு மணி நேரத்துக்கு ஒரு முறை வெளியே எடுப்பது, கண்ணாடி ஜாடியில் ஆறவைப்பது, எடை போடுவது, மறுபடி உள்ளே வைப்பது. எடை மாறாமல் நிற்கிறவரை இதேதான் வேலை. முதல் நாலு மணி நேரத்தில்தான் ஈரம் வேகமாகப் போகும், அந்த முதல் எடை தவறினால் எல்லாம் வீண் என்று நீ பலமுறை சொன்னாய். அது எனக்குப் பழகின வேலைதான். பிசினையும் நாங்கள் அப்படித்தான் காயவைத்து எடை போடுவோம்.

இரண்டு வருடத்துக்கு முன், ஆனி மாதம், ஏரியோரப் பழம் ஒரே ஒரு பை வந்தது. சீசன் முடிகிற நேரம். அதற்கு மேல் மரத்தில் பழம் இல்லை என்று உன் அப்பா சொல்லியிருந்தார். காலை ஏழரைக்கு மூன்று தட்டுகளை ஓவனில் வைத்தேன். பத்து ஐம்பதுக்கு அவரோடு வேலை பார்க்கும் ஏழுமலை போன் செய்தான்.

"அண்ணி, அண்ணனுக்கு நெஞ்சு எரியுதாம். வேர்த்துக்கினு கீது. மீஞ்சூர் ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போறோம். நீ வந்துடு."

"வாயுவா இருக்கும்பா. காலைல அந்தப் பழத்தத் தின்னிருப்பாரு. ஒரு சோடா வாங்கிக் குடு."

"இல்ல அண்ணி, நீ வந்துடேன்."

"தோ வரேன்" என்றேன். வைத்துவிட்டேன்.

என்னோடு வேலை செய்யும் செல்வி பக்கத்தில்தான் நின்றாள். "அக்கா, நீங்க கெளம்புங்க. பதினொன்றரைக்கு நான் எடுத்து எடை போட்டு எழுதிக்கிறேன். இதுல இன்னா கீது?" என்றாள். நான் அவளைப் பார்த்து, "நீ போன தடவ ஆறாமலே தராசுல வச்சவதானே, உன்ன நம்பி விட்டா எம்புள்ள படிப்பு அவ்ளோதான்" என்றேன். சூடான தட்டைத் தராசில் வைத்தால் எடை குறைவாகக் காட்டும். அது உண்மை. அவள் ஒரு முறை அப்படிச் செய்திருந்தாள் என்பதும் உண்மை. ஆனால் அன்றைக்கு நான் நின்றதற்கு அதுதான் காரணமா என்று கேட்டால் இப்போது எனக்குத் தெரியவில்லை. உன் அப்பா முள் குத்தினாலே லீவு போடுகிறவர். அதற்கு முன்னே இரண்டு முறை நெஞ்சு வலி என்று ஓடிப்போய்ப் பார்த்து, இரண்டு முறையும் வாயு என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள். நாற்பது நிமிடம்தானே என்று நினைத்தேன். அந்த நாற்பது நிமிடத்தில் மூன்று பீக்கர்களைக் கழுவித் துடைத்து வைத்தேன். பதினொன்றரைக்குத் தட்டுகளை எடுத்தேன். கால் மணி நேரம் ஆறவைத்தேன். மூன்றையும் எடை போட்டு, மேலும் ஒரு முறை போட்டுப் பார்த்துப் பதிவேட்டில் எழுதினேன். மறுபடி உள்ளே வைத்தேன். செல்வி அவள் வண்டியில் என்னை ஏற்றிக்கொண்டு கிளம்பும்போது மணி பதினொன்று ஐம்பது.

பன்னிரண்டு முப்பத்தைந்துக்கு ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தேன். அவர் உயிர் போய் இருபது நிமிடம் ஆகியிருந்தது. நீ சென்னையிலிருந்து பைக்கில் எனக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தாய். வாசலில் என்னைப் பார்த்ததும், "ஏம்மா இவ்ளோ லேட்டு?" என்றாய். அவ்வளவுதான் கேட்டாய். நான், "ரயில்வே கேட்டு போட்டுட்டான்டா" என்றேன். எங்கிருந்து அந்த வார்த்தை வந்தது என்று தெரியவில்லை. வந்துவிட்டது. செல்வி பின்னால் நின்றுகொண்டிருந்தாள். இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை. நாங்கள் வந்தபோது கேட் திறந்துதான் இருந்தது.

அவர் மீசையில் பாலைப்பழத்துப் பால் காய்ந்து ஒட்டியிருந்தது. தண்ணீருக்குப் போகாது என்று எனக்குத் தெரியும். நர்ஸிடம் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் கேட்டு வாங்கித் தொட்டுத் துடைத்தேன். சுத்தமாகப் போய்விட்டது. நான் அழவில்லை என்று உன் அத்தைகள் பேசிக்கொண்டது உன் காதிலும் விழுந்திருக்கும். நீ அவர்களோடு சண்டைக்குப் போனதாகக் கூடக் கேள்விப்பட்டேன். போயிருக்க வேண்டாம். அவர்கள் சொன்னது உண்மைதான். நான் அன்றைக்கும் அழவில்லை, பிறகும் அழவில்லை. காரியம் முடிந்த மறுநாள் வேலைக்குப் போனேன். சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தால் உட்கார்ந்துகொள்கிறேன். களாக்காய் ஊறுகாய் போட்டேன். நாக்கில் வைத்தால் புளிப்பு என்று தெரிகிறது, பல் கூசவில்லை. அவர் அன்று என்ன சட்டை போட்டுக்கொண்டு போனார் என்று யோசித்தால் நினைவுக்கு வரவில்லை. முதல் தட்டின் எடை மட்டும் மூன்றாவது தசமம் வரை நினைவிருக்கிறது.

இரண்டு மாதம் கழித்து, அந்த ஏரியோரப் பையின் எடைகளைக் கேட்டாய். எனக்குப் பின்னால் செல்வி ஒழுங்காக எடுத்து எழுதி வைத்திருந்தாள். ஆறவைத்துத்தான் எடுத்திருந்தாள். எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி உனக்குக் கொடுக்க உட்கார்ந்தேன். முதல் வரியில் நின்றுவிட்டேன். பதினொன்றரை என்று என் கையெழுத்து. பத்து ஐம்பதுக்குப் போன் வந்தது உனக்குத் தெரியும், ஏழுமலை உனக்கும் அப்போதே செய்திருந்தான். பதினொன்றரைக்கு நான் தட்டை எடுத்தேன் என்று பார்த்தால் கேட் கதை என்ன ஆகும்? பத்தரை என்று எழுதினேன். நாலு மணி நேரம் மூன்று மணி நேரம் ஆனது. "இந்த ஒண்ணு மட்டும் ஏம்மா மூணு மணி?" என்று கேட்டாய். "அன்னிக்கு சீக்கிரம் எடுத்துட்டேன்டா, வேற சோதனை இருந்துது" என்றேன். நீ தலையை ஆட்டினாய்.

எங்கள் கம்பெனியில் எண்ணைத் திருத்துவது புதிதில்லை நைனா. மிஷின் பழுதான நாளில், முன்னால் போன சரக்கின் எண்ணைப் பார்த்துப் பக்கத்தில் ஒன்றை எழுதிவிட்டுப் போகிற ஆட்களோடு நான் வேலை பார்த்திருக்கிறேன். அவர்களை வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறேன். நான் எடையில் கைவைக்கவில்லை, நேரத்தில்தானே வைத்தேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நேரமும் எண்தான். அது எனக்குத் தெரியாதா?

அந்த ஒரு மணி நேரத்தை வைத்து நீ என்ன கட்டியிருக்கிறாய் என்று நேற்றுதான் பார்த்தேன். ஊத்துக்கோட்டைப் பழம் நாலு மணி நேரத்தில் இழக்கிற ஈரத்தை ஏரியோரப் பழம் மூன்றே மணி நேரத்தில் இழக்கிறது என்று எழுதியிருக்கிறாய். அதற்கு உப்புக் காற்று, மெல்லிய தோல் என்று காரணம் தேடியிருக்கிறாய். தோலின் கனத்தைத் தனியாக அளந்தும் பார்த்திருக்கிறாய், கொஞ்சம் மெல்லிசாகவும் இருந்திருக்கிறது, பாவம். மூன்று தட்டும் ஒன்றுக்கொன்று அழகாக ஒத்துப்போவதால் சந்தேகத்துக்கே இடமில்லை என்று ஒரு வரி. ஒத்துப்போகாமல் என்ன செய்யும்? மூன்றும் ஒரே ஓவன், ஒரே கடிகாரம், ஒரே பொய்க்காரி. நான்கு என்று போட்டுக் கணக்குப் பார்த்தேன். இரண்டு பழமும் ஒன்றுதான் நைனா. ஏரியோரமோ உள்ளேயோ, ஒரே மாதிரிதான் காய்கின்றன. உங்கள் புரொபசர் பாராட்டினதும், மைசூர்க்காரர்கள் இன்டர்வியூவில் வியந்து கேட்டதும் இந்த அத்தியாயத்தைத்தான் என்று நீயே சொல்லியிருக்கிறாய். இதை எடுத்தால் திங்கட்கிழமை நடக்காது. மைசூர் தள்ளிப் போகலாம், போயே போகலாம். தெரிந்துதான் சொல்கிறேன்.

பேசாமல் இருந்திருக்கலாமே என்று நீ கேட்கலாம். இருந்திருப்பேன். இரண்டு வருடம் இருந்தேனே. அந்த கேட்டில் வண்டி நிற்கும்போதெல்லாம் நீ ஹாரனை அழுத்துவாய். "இவனுங்களாலதான்மா" என்பாய். நான் பின்னால் உட்கார்ந்து உன் சட்டையைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தேன். கேட்கீப்பர் ஒரு பெண். போன மாதம் நீ அவளைப் பார்த்துக் கத்தினாய். அவள் ஒன்றும் புரியாமல் பச்சைக் கொடியைச் சுற்றிக்கொண்டு நின்றாள். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. அவளிடம் ஒரு நாள் போய் மன்னிப்புக் கேள். நான் கேட்க வேண்டியது, எனக்காகவும் சேர்த்துக் கேள்.

ஆனால் முதல் பக்கத்தில், 'கடைசி மூச்சிலும் என் பழங்களை விசாரித்த அப்பாவுக்கு' என்று போட்டிருக்கிறாய். அதைப் படித்த பிறகு என்னால் முடியவில்லை. அன்று ஆஸ்பத்திரியில் அவர் உன்னிடம் கேட்டதை நீ எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாய்! "உங்கம்மா பழத்த எட போட்டுட்டாளாடா?" என்று கேட்டாராம். சாகும்போதுகூட அப்பாவுக்கு என் ஆராய்ச்சி ஞாபகம்தான் என்று சொல்லிச் சொல்லி அழுதாய். அவர் பழத்தைக் கேட்கவில்லை நைனா. நான் எங்கே நிற்கிறேன் என்று அவருக்குத் தெரியும். இருபத்தெட்டு வருடம் குடித்தனம் பண்ணின மனுஷன், எதற்கு நான் வராமல் இருப்பேன் என்று தெரியாதா? நான் ஏன் இன்னும் வரவில்லை என்றுதான் கேட்டிருக்கிறார். போன் வந்ததும் கிளம்பியிருந்தால் பதினொன்று நாற்பதுக்கு வந்திருப்பேன். முப்பத்தைந்து நிமிடம் இருந்திருக்கும். அந்த முப்பத்தைந்து நிமிடத்தில் நான் அவரைக் காப்பாற்றியிருக்க மாட்டேன், டாக்டரும் அதைத்தான் சொன்னார். பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். அவ்வளவுதான். அந்த அவ்வளவைத்தான் நான் செய்யவில்லை.

உனக்குப் புத்தி சொல்லத் தகுதி இருக்கிறதா தெரியவில்லை. இருந்தாலும் பெற்றவள், ஒன்றிரண்டு சொல்லிவிடுகிறேன். உன் வேலையில் எடை போடும்போது யாராவது கூப்பிட்டால், எடையை விட்டுவிட்டுப் போ. பக்கத்தில் ஒரு செல்வி இருப்பாள், அவளை நம்பு. கட்டத்தை வெறுமையாக விட நேர்ந்தால் விடு, எடுக்கவில்லை என்று எழுது, அது ஒன்றும் கேவலம் இல்லை. நாளைக்குக் கல்யாணமாகி உன் வீட்டுக்காரி லேட்டாக வந்தால், ஏன் லேட்டு என்று வாசலில் வைத்துக் கேட்காதே. உள்ளே வரவிட்டுக் கேள். இது உன்மேல் குற்றமில்லை. வாசலில் நின்று கேட்டால் வாயில் வருவதைச் சொல்லிவிடத் தோன்றும், அதற்காகச் சொன்னேன்.

உனக்குக் கோபம் வரும். வரட்டும். கத்த வேண்டுமானால் நேரில் வந்து கத்து, போனில் வேண்டாம். நான் பதில் சொல்லாமல் உட்கார்ந்திருந்தால் கல் மாதிரி இருக்கிறாள் என்று நினைத்துக்கொள்ளாதே. எனக்கு இப்போதெல்லாம் எல்லாமே கொஞ்சம் தாமதமாகத்தான் உறைக்கிறது. இதை எழுதி முடித்தால் ஏதாவது இறங்கும் என்று நினைத்தேன். இறங்கவில்லை. விரல் மட்டும் வலிக்கிறது.

பதிவேட்டின் அந்தப் பக்கத்தை, பதினொன்றரை என்று நான் எழுதியதை, போட்டோ எடுத்து உனக்கு அனுப்பியிருக்கிறேன். உன் தாள்கட்டில் ஐந்தாவது அத்தியாயம், இரண்டாவது அட்டவணை, கடைசி வரிசையைப் பார். எங்கள் கூடத்தில் ஒரு எண்ணைத் திருத்தினால் அழிக்கக் கூடாது, வெள்ளை மை பூசக் கூடாது. பழைய எண் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி குறுக்கே ஒரே ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் சரியான எண்ணை எழுதி, கையெழுத்துப் போட்டு, என்ன காரணம் என்றும் எழுத வேண்டும். அப்படியே செய்திருக்கிறேன். மூன்றின் மேல் ஒரு கோடு. பக்கத்தில் நான்கு. கீழே என் கையெழுத்து, இன்றைய தேதி.

காரணம் எழுதத்தான் அங்கே இடம் போதவில்லை. அதை இந்தத் தாள்களில் எழுதியிருக்கிறேன்.

அம்மா